மோடம் கேள்வி–பதில்: பிழைதிருத்தம் எந்த எல்லை வரை?

பரணிலிருந்து இறக்கிய பழைய கம்ப்யூட்டர்களை மறுபடி ஓடவைக்கும் வாசகர்களுக்கான பகுதி இது. இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மோடம் பற்றியவை. மோடத்தில் வரும் தகவல் கெட்டுப்போகிறது, பிழைதிருத்தும் மென்பொருள் போட்டால் சரியாகிவிடுமா என்பதுதான் பொதுவான கேள்வி. பாதிப் பேருக்குச் சரியாகும். மீதிப் பேருக்குப் பழுது லைனிலேயே இல்லை.

கேள்வி: என்னிடம் 386 கம்ப்யூட்டரும் 2400 வேக மோடமும் இருக்கின்றன. திருமங்கலத்தில் இருக்கும் நண்பரிடமும் அதே மாதிரிதான். இருவருக்கும் இன்னும் செம்புக் கம்பி லைன். டைப் செய்துகொண்டிருக்கும்போதே நடுநடுவே {, ~ என்று குப்பை எழுத்துகள் வந்து விழுகின்றன. எம்என்பி மென்பொருள் போடச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் போதுமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: போதாது. பிட்டுகளை ஒலியாக்கி அனுப்புவதும், வந்த ஒலியைத் திரும்பப் பிட்டாக்கிக் கொடுப்பதும்தான் சாதாரண 2400 மோடத்தின் வேலை. லைனில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் அதையும் ஏதோ ஓர் எழுத்தாக்கிக் கம்ப்யூட்டரிடம் தள்ளிவிடும். வந்தது எழுத்தா இரைச்சலா என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு முனையிலும் ஆள் வேண்டும்.

மைக்ரோகாம் நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்என்பி முறை இப்படி வேலை செய்கிறது: அனுப்பும் பக்கம் எழுத்துகளைச் சிறு பாக்கெட்டுகளாகக் கட்டும், ஒவ்வொன்றின் முடிவிலும் 16 பிட் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணைச் சேர்க்கும். பெறும் பக்கம் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கும். எண் ஒத்துவராவிட்டால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கேட்கும். இந்த வேலையை மோடத்துக்குள் இருக்கும் சிப்பும் செய்யலாம், கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமும் செய்யலாம். ஆகவே உங்கள் பக்கம் மென்பொருள் எம்என்பி, நண்பர் பக்கம் எம்என்பி உள்ள மோடம் என்றாலும் பேசிக்கொள்ளும். இருவரிடமும் சாதாரண மோடம்தான் என்றால் இருவரும் மென்பொருள் போட்டே ஆக வேண்டும்.

வேகத்தில் என்ன இழப்பு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2400 என்றால் நொடிக்கு 2400 பிட். ஒரு எழுத்துக்கு மொத்தம் பத்து பிட் என்பதால் நொடிக்கு 240 எழுத்து போகும். எம்என்பி 2-ஆம் வகுப்பின் திறன் சுமார் 84 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய 200 எழுத்து. 3-ஆம் வகுப்பு ஒவ்வொரு எழுத்தோடும் வரும் தொடக்க பிட்டையும் முடிவு பிட்டையும் நீக்கி அந்த இழப்பை ஈடுகட்டுகிறது. ஆனால் அது மோடமே செய்ய வேண்டிய வேலை. கம்ப்யூட்டர் பக்கத்து மென்பொருளால் ஆகாது. 5-ஆம் வகுப்பு சுருக்கம். அதை மென்பொருளும் செய்யலாம். ஏற்கெனவே ஜிப் செய்த ஃபைலுக்கு 5-ஆம் வகுப்பை அணைத்துவிடுங்கள். சுருக்கியதை மறுபடி சுருக்கப் போனால் எம்என்பி 5 அதைப் பெரிதாக்கிவிடும்.

அமைப்பு இப்படி இருக்கட்டும். இரண்டு பக்கமும் 8 பிட், பாரிட்டி (பிழை பார்க்கச் சேர்க்கும் கூடுதல் பிட்) இல்லை, 1 முடிவு பிட். சீரியல் போர்ட்டின் வேகத்தையும் 2400-இலேயே பூட்டிவிடுங்கள். சாதாரண மோடத்துக்குள் சேமித்துவைக்க இடம் கிடையாது. லோக்கல் எக்கோ (அடிப்பதை நம் மென்பொருளே திரையில் காட்டுவது) வேண்டாம். அழைப்பவர் பக்கத்து மென்பொருள், இணைப்பு கிடைத்தவுடன் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கோரிக்கைப் பாக்கெட் அனுப்பும். எதிரில் எம்என்பி இல்லையென்றால் அந்தப் பாக்கெட் அவர் திரையில் நாலைந்து விசித்திர எழுத்தாக விழும். லைன் இரைச்சல் என்று அதை நினைத்துவிட வேண்டாம். இணைந்தவுடன் ஒரே ஒரு முறை வந்து நின்றுபோனால் அது கோரிக்கைதான்.

மென்பொருள் போடுவதற்கு முன்னால் லைனையும் ஒரு பார்வை பாருங்கள். ரிசீவரை எடுத்து ஒரு எண்ணை மட்டும் அழுத்திவிட்டுச் சும்மா கேளுங்கள். கரகரப்பு இருந்தால் வீட்டில் பேரலலாக மாட்டிய மற்ற போன்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். உங்கள் பக்கத்தில் கிணற்று மோட்டார்கள் அதிகம். ஸ்டார்ட்டர் விழும் நேரமும் குப்பை எழுத்து வரும் நேரமும் ஒத்துப்போகிறதா என்று கவனியுங்கள். ஒத்துப்போனால் போன் வயரை மின்கம்பியிலிருந்து ஓர் அடியாவது தள்ளிப் போட்டாலே பாதிக் கோளாறு தீரும். ஐப்பசி மழையில் மட்டும் மோசமாகிறது என்றால் வெளியில் எங்கோ ஜாயின்ட்டில் ஈரம் இறங்குகிறது. எம்என்பி அதையும் சமாளிக்கும், ஆனால் மறுபடி மறுபடி அனுப்பியே நேரம் போய்விடும்.

கேள்வி: என் மோடம் இணைந்ததும் '14400, வி.42' என்று காட்டுகிறது. அப்படியும் ஃபைலில் எழுத்துகள் விடுபட்டு வருகின்றன. பிழைதிருத்தம் பொய்யா?
– வாசகர், தல்லாகுளம், மதுரை

பதில்: பொய்யில்லை. வி.42 என்பது மோடங்கள் தமக்குள் செய்துகொள்ளும் பிழைதிருத்த முறை. அது காவல் காப்பது இந்த மோடத்திலிருந்து அந்த மோடம் வரை. மோடத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும் மூன்றடி கேபிள் அதன் எல்லைக்கு வெளியே.

உங்கள் கடிதத்தில் ஒரு துப்பு இருக்கிறது: எழுத்துகள் மாறவில்லை, விடுபடுகின்றன. லைன் இரைச்சல் என்றால் தப்பான எழுத்து வரும். விடுபட்டால் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டைக் கவனிக்கும் சிப் நிரம்பி வழிகிறது என்று பொருள். பழைய 8250, 16450 சிப்களில் வந்த எழுத்தை வைக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. போர்ட் 57600-இல் ஓடினால் ஏறக்குறைய 0.17 மில்லி நொடிக்கு ஒரு எழுத்து வரும். கம்ப்யூட்டர் அதற்குள் எடுக்காவிட்டால் அடுத்தது அதன் தலையில் விழுந்து முந்தையது போய்விடும். ஹார்டு டிஸ்க்கில் எழுதும் நேரத்திலும் விண்டோஸ் 3.1-இல் வேறு சன்னல் திறக்கும்போதும் இது நடக்கும். 16550ஏ சிப்பில் 16 எழுத்துக்கு இடம் உண்டு, அவகாசம் 2.7 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது. அதுவே பெரும்பாலும் போதும்.

விண்டோஸை விட்டு வெளியே வந்து, டாஸ் 6-இல் எம்எஸ்டி புரோகிராமை ஓட்டி, காம் போர்ட் பக்கத்தைப் பாருங்கள். கடைசி வரியில் சிப் பெயர் இருக்கும். 8250 என்று காட்டினால் அது 16450-ஆகவும் இருக்கலாம், இரண்டும் ஒன்றுதான். கார்டில் 40 கால் சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தால் அதைக் கழற்றி 16550ஏஎஃப்என் போடலாம், கால் அமைப்பு ஒன்றே. பற்றவைத்த சிப் என்றால் கார்டையே மாற்றுங்கள். டவுன்ஹால் ரோடு பக்கம் பழைய சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

சிப்பை மாற்றும் முன்னால் செலவில்லாத சோதனை ஒன்று: போர்ட் வேகத்தை 19200-க்கு இறக்குங்கள். விடுபடுவது நின்றால் நோய் இதுதான். அப்படியே, இடம் நிரம்பும்போது 'பொறு' என்று தனிக் கம்பியில் சொல்லும் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் ஓட்டக் கட்டுப்பாட்டை மோடம், டெர்மினல் புரோகிராம் இரண்டிலும் போடுங்கள். ராக்வெல் சிப் மோடத்துக்கு அதற்கான கட்டளை ஏடி&கே3. ஒன்றில் மட்டும் போட்டுவிட்டு மற்றதை மறப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் கோளாறு.

கேள்வி: எக்ஸ்மோடத்தில் எந்த எழுத்து ஃபைலை அனுப்பினாலும் 2048 பைட்டிலேயே நின்றுவிடுகிறது. லைன் சுத்தமாக இருக்கிறது.
– வாசகி, மேலூர்

பதில்: அளவைச் சரியாகக் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள், விடை அதிலேயே இருக்கிறது. எக்ஸ்மோடம் என்பது ஃபைலைத் துண்டு துண்டாக, பிளாக்குகளாக அனுப்பும் முறை, 1977-இல் வார்ட் கிறிஸ்டென்சன் எழுதியது. ஒரு பிளாக் என்பது 132 பைட்: தொடக்கக் குறி 1, பிளாக் எண் 1, அந்த எண்ணை 255-இலிருந்து கழித்தது 1, தகவல் 128, கூட்டுத்தொகை 1. உங்களுக்கு 16 பிளாக் சரியாக வந்திருக்கிறது. 16-ஐ 128-ஆல் பெருக்கினால் 2048. அடுத்து வருவது 17-ஆம் பிளாக். 17 என்ற பைட்டுக்கு இன்னொரு பெயர் எக்ஸ்ஆன், 'தொடரலாம்' என்ற சைகை. உங்கள் டெர்மினலிலோ மோடத்திலோ எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் கட்டுப்பாடு விழித்திருக்கிறது. அது பிளாக் எண்ணைச் சைகை என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. பெறும் பக்கத்துக்கு ஒரு பைட் குறைகிறது, மறுபடி கேட்கிறது, மறுபடியும் அதே 17 விழுங்கப்படுகிறது. பத்து முறை ஆனதும் கைவிட்டுவிடுகிறது.

எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃபை இரண்டு இடத்திலும் அணைத்துவிட்டு ஆர்டிஎஸ்/சிடிஎஸ் போடுங்கள். இதே கோளாறு 2304 பைட்டில் நிற்பதாகச் சிலர் எழுதுகிறார்கள். அவர்களுக்கு 17 தப்பிவிடுகிறது. 'நிறுத்து' என்னும் 19 மாட்டிக்கொள்கிறது. மருந்து ஒன்றே.

கேள்வி: எக்ஸ்மோடத்தில் செக்சம், சிஆர்சி என்று இரண்டு வகை கேட்கிறது. எதைப் போடுவது?
– வாசகர், சோழவந்தான்

பதில்: சிஆர்சி. செக்சம் என்பது 128 பைட்டையும் கூட்டி 256-ஆல் வகுத்த மீதி. 40, 60 என்று வர வேண்டியது 41, 59 என்று வந்தாலும் கூட்டுத்தொகை மாறாது, பிழை தப்பிவிடும். 16 பிட் சிஆர்சி அதைப் பிடிக்கும். 16 பிட் நீளம் வரை தொடர்ச்சியாக வரும் எந்தக் கெடுதலையும் விடாது. விலை ஒரு பிளாக்குக்கு ஒரே ஒரு பைட் கூடுதல். எதிர்ப்பக்கம் மிகப் பழைய புரோகிராம் என்றால் மட்டும் செக்சம்.

கேள்வி: பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதங்களை மோடத்தில் அனுப்பினேன். அந்தப் பக்கம் வெறும் + , போன்ற குறிகளாகவே வந்திருக்கின்றன. இருபக்கமும் பிழைதிருத்தும் மோடம்தான். எழுத்துரு மாற்றி வைத்துப் பார்த்தும் வரவில்லை.
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: எழுத்துருவில் குற்றமில்லை. போர்ட் 7 பிட், இரட்டைப் பாரிட்டி என்று அமைந்திருக்கிறது. பழைய தமிழ்க் குறியீடுகளில் தமிழ் எழுத்துகள் 128-க்கு மேல் இருக்கும். அவற்றில் ஒன்றான டிஸ்கியில் 'அ' 171, 'ஆ' 172. எட்டாவது பிட்டை வெட்டினால் 128 போய், 171 என்பது 43 ஆகிறது, அதாவது +. 172 என்பது 44, அதாவது கால்புள்ளி. உங்கள் கடிதத்தில் வந்தவை அவைதான்.

மோடம் ஏன் திருத்தவில்லை என்று கேட்கிறீர்கள். பிட் வெட்டுப்பட்டது உங்கள் கம்ப்யூட்டரின் போர்ட்டிலேயே. மோடத்தின் கைக்கு வந்தபோதே அது +. அந்த +ஐ மோடம் ஒரு பிசகும் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது!

8 பிட், பாரிட்டி இல்லை என்று மாற்றிவிட்டு, திரையில் கொட்டும் எழுத்து முறையில் அனுப்பாமல், இசட்மோடம் என்ற ஃபைல் அனுப்பும் முறையில் அனுப்புங்கள். எதிர்ப்பக்கம் 7 பிட்டை விட்டு வரமாட்டேன் என்றால் கெர்மிட் என்ற இன்னொரு ஃபைல் அனுப்பும் முறை இருக்கிறது. பாரிட்டி இரட்டை என்று அதனிடம் சொல்லிவிட்டால், 128-க்கு மேற்பட்ட ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் & போட்டு இரண்டு எழுத்தாக அனுப்பும்; 171 என்பது &+ என்று போய் அங்கே மறுபடி 171 ஆகும். தமிழ் ஃபைல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், ஆனால் முழுசாகப் போய்ச் சேரும். ஏற்கெனவே கெட்டுப்போன ஃபைலை முழுதாக மீட்க வழியில்லை. எல்லாப் பைட்டோடும் 128 கூட்டினால் எழுத்து திரும்பும், ஆனால் எது நிஜமான கால்புள்ளி, எது 'ஆ' என்று பிரிக்க முடியாது. மூலத்திலிருந்து மறுபடி அனுப்புங்கள்.

கேள்வி: பள்ளியில் கழித்துக் கட்டிய பிபிசி மைக்ரோ ஒன்று கிடைத்தது. அதன் டிஸ்க்குகளைப் பிசிக்கு மாற்ற இசட்மோடம் கிடைக்குமா?
– வாசகர், பேரையூர்

பதில்: பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்க 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த எந்திரம் அது. கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இசட்மோடத்தைத் தேடாதீர்கள். அது பதிலுக்குக் காத்திருக்காமல் கொட்டிக்கொண்டே போகும் முறை. 8 பிட் எந்திரங்கள் டிஸ்க்கைத் தொடும் நேரத்தில் சீரியல் போர்ட்டைச் சரிவரக் கவனிப்பதில்லை. அவற்றுக்கு ஏற்றது ஒரு பாக்கெட் அனுப்பி, பதில் வந்த பிறகு அடுத்ததை அனுப்பும் முறை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-இல் பிறந்த கெர்மிட் அப்படிப்பட்டது, பிபிசிக்கும் உண்டு. பாக்கெட் 94 எழுத்துக்கு மேல் போகாமல் வையுங்கள், சரிபார்ப்பு வகை 3 என்று இரண்டு பக்கமும் வையுங்கள். வகை 1 என்பது 6 பிட் செக்சம்தான், போதாது.

ஒரே அறையில் இரண்டும் இருக்கும்போது மோடம் எதற்கு? நேரடிக் கேபிள் போடுங்கள். பிபிசி பக்கம் ஆர்எஸ்423 எனும் 5 முள் டின் சாக்கெட். அந்தப் பிளக் தலைகீழாகவும் உள்ளே போகும். ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் பிளக்கைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். வேகத்துக்கு *எஃப்எக்ஸ்7,7 பெறுவதற்கு, *எஃப்எக்ஸ்8,7 அனுப்புவதற்கு, இரண்டும் 9600. தடுமாறினால் 7-க்குப் பதில் 5 போட்டால் 2400.

நாற்பது டிராக், ஒரு பக்க டிஸ்க் 100 கிலோபைட். மோடத்தில் 1200 வேகத்தில் என்றால் கணக்குப்படி 14 நிமிடம், கெர்மிட்டின் கூடுதல் சுமையோடு இருபதைத் தாண்டும். கேபிளில் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

கேள்வி: மோடம் பெட்டியில் வி.42 என்று அச்சிட்டிருக்கிறது. டாஸ் டெர்மினலில் போட்டால் பிழைதிருத்தமே வருவதில்லை.
– வாசகர், அலங்காநல்லூர்

பதில்: கையேட்டில் ஆர்பிஐ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். 1990-களில் விலையைக் குறைக்க ராக்வெல் கொண்டுவந்த வழி அது: பிழைதிருத்தும் வேலையை மோடத்திலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டர் மென்பொருளிடம் கொடுத்துவிட்டார்கள். ஆர்பிஐ தெரிந்த புரோகிராமோ டிரைவரோ இல்லாவிட்டால் அது வெறும் மோடம். மோடத்தோடு வந்த டிஸ்க்கில் அந்த மென்பொருள் இருக்கும். அது தொலைந்திருந்தால் பிழைதிருத்தம் இல்லை என்றே வைத்துக்கொண்டு இசட்மோடத்தில் மட்டும் ஃபைல் மாற்றுங்கள். 32 பிட் சிஆர்சி உண்டு. நடுவில் லைன் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒய்மோடம்-ஜி என்ற ஃபைல் அனுப்பும் முறையின் பக்கமே போகாதீர்கள்: அதில் திருத்தம் கிடையாது, ஒரு பிழை வந்தாலும் முழு ஃபைலையும் நிறுத்திவிடும்.

கேள்வி: வீட்டுப் போனை ஃபைபருக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து 33600 மோடம் இணைவதே இல்லை, இணைந்தாலும் அரை நிமிடத்தில் அறுகிறது.
– வாசகர், அண்ணா நகர், மதுரை

பதில்: ஃபைபர்ப் பெட்டியில் உள்ள போன் துளை உங்கள் மோடத்தின் ஒலியைச் சிறு சிறு பாக்கெட்டாக வெட்டி அனுப்புகிறது, வழக்கமாக 20 மில்லி நொடிக்கு ஒன்று. ஒன்று தொலைந்தால் அந்த இடத்தைப் பெட்டி தானே ஒரு சத்தத்தால் நிரப்பிவிடும். மனிதக் காதுக்குத் தெரியாது. 33600 மோடத்துக்கு அது இடி. மறுபடி முதலிலிருந்து இசைவு செய்யப் போய் லைனை விட்டுவிடும். 2400-இலோ அதே 20 மில்லி நொடி என்பது 48 பிட், ஐந்து எழுத்துக்குள். வி.42-ஓ மென்பொருள் எம்என்பியோ அந்த ஒரு பாக்கெட்டை மறுபடி கேட்டு வாங்கிவிடும்.

ஆகவே வேகத்தைக் குறையுங்கள். பழைய ராக்வெல் சிப் என்றால் ஏடி+எம்எஸ்=2,0,2400,2400; மற்றவற்றுக்குக் கையேட்டைப் பாருங்கள். கூடவே ஏடிஎஸ்10=50 கொடுங்கள். ஒலி மறைந்தால் 1.4 நொடியில் அறுத்துவிடும் மோடம் 5 நொடி பொறுக்கும். பெட்டி ஜி.729 எனும் 8 கிலோபிட் சுருக்கத்தில் இருந்தால் எதுவும் உதவாது, அந்த அளவுக்குச் சுருக்காத ஜி.711-க்கு மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேளுங்கள்.

வைஃபை மோடம் எனப்படும் சிறு போர்டு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், போன் லைன் தொல்லையே இருக்காது. ஒரு பொறி மட்டும் உண்டு: இணையம் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரோடு எழுத்தில் பேசும் டெல்நெட் முறையில் 255 என்ற பைட் கட்டளைக் குறி. ஒரு முனை டெல்நெட், மறுமுனை வெறும் இணைப்பு என்று இருந்தால் எக்ஸ்மோடம் ஃபைல் 32640 பைட்டில் நின்றுவிடும். 256-ஆம் பிளாக்கின் எண் 0, அதன் துணை எண் 255. மேலூர் வாசகிக்கு 17 செய்த வேலையை இங்கே 255 செய்கிறது. இரண்டு முனையையும் ஒரே முறையில் வையுங்கள்.

கேள்வி: விடுதி இன்டர்காம் வழியாக டயல் செய்தால் 'டயல் டோன் இல்லை' என்று மோடம் சொல்கிறது. காதில் வைத்தால் டோன் கேட்கிறது.
– வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: ஏடிஎக்ஸ்3 என்ற கட்டளை கொடுங்கள், டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும். அமெரிக்க மோடங்கள் 350-உம் 440 ஹெர்ட்சும் கலந்த டோனை எதிர்பார்ப்பவை. நம் ஊர் டோன் 400 ஹெர்ட்ஸ். வெளி லைனுக்கு 0 போட வேண்டுமென்றால் அதற்குப் பின் ஒரு கால்புள்ளி; இரண்டு நொடி காத்திருக்கும்.

கேள்வி: போன் கட்டணம் இல்லாமல் இரண்டு மோடத்தையும் மேசையிலேயே வைத்துப் பிழைதிருத்தும் மென்பொருளைச் சோதிக்க முடியுமா?
– வாசகர், எழுமலை

பதில்: முடியும். இரண்டு மோடத்தின் லைன் துளைகளையும் ஒரு போன் வயரால் இணையுங்கள். சில மோடங்கள் அப்படியே வேலை செய்யும். செய்யாவிட்டால் இரண்டு கம்பிகளில் ஒன்றை வெட்டி, நடுவே 9 வோல்ட் பேட்டரியும் 330 ஓம் ரெசிஸ்டரும் தொடராகச் சேருங்கள். ஒரு கம்ப்யூட்டரில் ஏடிஎக்ஸ்3டி (அழை), உடனே மற்றதில் ஏடிஏ (அழைப்பை எடு). இணைந்த பிறகு அதே வயரில் பேரலலாக ஒரு சாதாரண போனை மாட்டி, ரிசீவரை எடுத்து வாயருகே வைத்துப் பேசுங்கள். மென்பொருள் இல்லாமல் திரை முழுக்கக் குப்பை கொட்டும். மென்பொருளோடு எழுத்து சுத்தமாக வரும், மறுமுயற்சி எண்ணிக்கை மட்டும் ஏறும். இந்த வயரை வெளி லைனில் ஒருபோதும் மாட்டாதீர்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவது 48 வோல்ட், மணி அடிக்கும்போது அதற்கும் மேலே.